தங்கத் தோசையும் மரநாய்க் காபியும்

ஓர் உணவுக்கு மக்கள் கொடுக்கும் விலையில் மூன்று தனித்தனிச் செலவுகள் கலந்திருக்கின்றன. நாவும் மூக்கும் உணரக்கூடிய வேதிச் சேர்மங்களுக்கான விலை ஒன்று. அவற்றை விளைவிக்கவோ சேகரிக்கவோ மனிதக் கைகள் செலவிட்ட நேரத்துக்கான விலை மற்றொன்று. பிறருக்கு எளிதில் கிடைக்காத ஒன்றை உண்கிறோம் என்ற நினைப்புக்கான விலை மூன்றாவது. கடையில் ஒட்டப்பட்ட விலைச்சீட்டு இம்மூன்றையும் ஒரே எண்ணாகக் கூட்டிக் காட்டுவதால், மிக விலையுயர்ந்த உணவு அதன் விலைக்குத் தகுதியானதா என்ற கேள்விக்குப் பொதுவான விடை எதுவும் கிடையாது. ஒவ்வொரு பொருளாக எடுத்து அந்த எண்ணைப் பிரித்தாக வேண்டும். பெங்களூருவும் அதற்குக் காய்கறியும் காபியும் வாசனைப் பொருள்களும் அனுப்பும் கர்நாடக மலைநாடும் இந்த ஆய்வுக்கு மிகப் பொருத்தமான களங்கள். தங்கம் போர்த்திய தோசை முதல் காட்டு விலங்கின் குடலைக் கடந்து வந்த காபிக் கொட்டை வரை எல்லாம் இங்கே விற்பனைக்கு வந்திருக்கின்றன.

தங்கத் தோசையின் கணக்கு எளிது என்பதால் அதை முதலில் முடித்துவிடலாம். 2010களின் தொடக்கத்தில் பெங்களூரு மல்லேஸ்வரத்தில் ஓர் உணவகம் 24 காரட் தங்கத் தாள் பரப்பிய தோசையை 1,011 ரூபாய்க்கு விற்றது நாளிதழ்களில் செய்தியானது. உண்ணத்தக்க தங்கத் தாள் என்பது சுத்தத் தங்கத்தை அடித்து அடித்து ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிமனுக்கு மெலியச் செய்தது. எட்டு சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரத் தாளை எடுத்துக்கொண்டால், தங்கத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம் என்பதால், அத்தாளில் உள்ள தங்கம் 12 மில்லிகிராம் அளவே தேறும். அந்த ஆண்டுகளில் சுத்தத் தங்கம் கிராம் ஏறத்தாழ 3,000 ரூபாய்க்கு விற்றதால், ஒரு தாளில் இருந்த உலோகத்தின் மதிப்பு 40 ரூபாயைக்கூட எட்டவில்லை. தாள் அடித்தவரின் கூலியையும் தோசையின் விலையையும் சேர்த்தாலும் எஞ்சும் பெருந்தொகை மேலே சொன்ன மூன்றாவது கணக்கில்தான் விழுகிறது.

சுவையைப் பொறுத்தவரை தங்கத்துக்குக் கொடுப்பதற்கு எதுவுமே இல்லை. ஒரு பொருள் சுவைக்க வேண்டுமானால் அது உமிழ்நீரில் கரைந்து நாவின் சுவை மொட்டுகளில் உள்ள ஏற்பிகளைத் தொட வேண்டும். மணக்க வேண்டுமானால் ஆவியாகி மூக்கின் மேற்பகுதியை அடைய வேண்டும். தங்கம் உமிழ்நீரில் கரைவதில்லை, அறை வெப்பநிலையில் ஆவியாவதில்லை. இரைப்பையின் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தாலும் அதை எதுவும் செய்ய இயலாது, ஏனெனில் தங்கத்தைக் கரைக்க நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அடர்நிலையில் கலந்த இராஜ திராவகம் வேண்டும். ஆகவே தின்ற தங்கம் தின்றபடியே உடலை விட்டு வெளியேறுகிறது. உணவுச் சாயங்களின் ஐரோப்பியப் பட்டியலில் ஈ175 என்ற எண்ணோடு அது இடம்பெற்றிருப்பதும் நிறத்துக்காகவே. திருமண விருந்தில் இனிப்பின் மேல் ஒளிரும் தாள் கண்ணுக்குத் தரும் மகிழ்ச்சியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதை உணவின் தரமாக விற்பது சரியன்று.

குங்குமப்பூ இதற்கு நேர் எதிரான பொருள். உலகின் மிக விலையுயர்ந்த வாசனைப் பொருள் என்று அது எங்கும் குறிப்பிடப்படுகிறது, காஷ்மீரக் குங்குமப்பூவின் விலை கிலோவுக்கு லட்சக்கணக்கில் சொல்லப்படுகிறது. அந்த விலையின் பெரும்பகுதி உழைப்பு. குங்குமப்பூச் செடியின் செல்களில் குரோமோசோம்கள் மூன்று தொகுதிகளாக அமைந்திருப்பதால் அது வளமான விதை உண்டாக்க இயலாத மலட்டுச் செடி. நிலத்தடிக் கிழங்கைப் பிரித்து நட்டே அதைப் பெருக்க முடியும். புல்வாமா மாவட்டத்தின் பாம்போர் வயல்களில் அக்டோபர் இறுதியிலிருந்து இரண்டு மூன்று வாரங்களே அது பூக்கிறது. விடியற்காலையில் பறித்த ஒவ்வொரு பூவிலிருந்தும் சூல்முடி எனப்படும், மகரந்தத்தை ஏற்கும் சிவந்த மூன்று இழைகளைக் கையால் பிரித்தெடுத்து உலர்த்த வேண்டும். ஒரு கிராம் உலர்ந்த குங்குமப்பூவுக்கு ஏறத்தாழ 150 பூக்கள் தேவை. அண்மைக் காலத்தில் இந்திய நகரங்களில் சிலர் குளிரூட்டிய அறைகளுக்குள் அடுக்குத் தட்டுகளில் இதை வளர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். அறைக்குள் வளர்ந்தாலும் மூன்று இழைகளைப் பிரிக்கும் வேலை கைகளை விட்டு நீங்கவில்லை.

இந்த உழைப்பின் பயன் நாவுக்கும் மூக்குக்கும் வந்து சேர்கிறதா என்றால், உறுதியாகச் சேர்கிறது. குரோசின் என்ற சேர்மம் நிறத்தையும், பிக்ரோகுரோசின் மெல்லிய கசப்பையும், உலர்த்தும்போது பிக்ரோகுரோசின் சிதைந்து உருவாகும் சஃப்ரனால் மணத்தையும் தருகின்றன. குரோசின் நீரில் கரையும் தன்மையுடையது என்பதால்தான் இழைகளை வெதுவெதுப்பான பாலில் ஊறவைக்கும் பழக்கம் பலன் தருகிறது. இன்னும் முக்கியமானது அளவு. ஒரு கிராமுக்கு 150 பூக்கள், பூவுக்கு மூன்று இழைகள் என்றால் ஓர் இழையின் எடை 2 மில்லிகிராமை ஒட்டியது. ஆறு பேருக்கான இனிப்பில் 20 இழைகள் இட்டால் செலவாவது 45 மில்லிகிராமுக்கும் குறைவு. கிராம் 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் அந்த இனிப்பில் குங்குமப்பூவின் பங்கு ஏறத்தாழ 22 ரூபாய், ஓர் ஆளுக்கு நான்கு ரூபாய்க்கும் கீழ். எவரும் கிலோக் கணக்கில் உண்ணாத ஒரு பொருளுக்குக் கிலோ விலை சொல்வது வாசகரை வியக்க வைக்குமே தவிர, அப்பொருள் தகுதியானதா என்பதை அறிய உதவாது. ஒரு வாய் உணவுக்கு என்ன செலவு, அந்த வாய் உணவில் என்ன மாற்றம் என்பதே பயனுள்ள கேள்வி.

இந்த அளவுகோலில் பார்த்தால், பெங்களூருக் காலை உணவான சௌ சௌ பாத் தட்டில், காரமான ரவை உப்புமாவாகிய காரா பாத்தின் பக்கத்தில் அமரும் இனிப்பான கேசரி பாத் இன்று பெரும்பாலும் செயற்கைச் சாயத்தால் மஞ்சளாவது வருந்தத்தக்க இழப்பு. சாயத்தால் குரோசினின் நிறத்தை நடிக்க முடியும். சஃப்ரனாலின் மணம் அதில் கிடையாது. மலிவான தட்டு உணவுக்கு நான்கு ரூபாய் கூட்டுவது உணவகத்துக்குச் சுமையாக இருக்கலாம், ஆனால் வீட்டுச் சமையலில், பண்டிகை நாளில், அந்தச் செலவுக்குத் தயங்கக் காரணமே இல்லை. தயங்க வேண்டியது போலியைக் கண்டுதான்: செந்துருக்கப் பூவிதழும் சாயமேற்றிய மக்காச்சோள நாரும் குங்குமப்பூ என்ற பெயரில் விற்கப்படுவது பழைய மோசடி. பாம்போர் விளைச்சலுக்கு 2020இல் கிடைத்த புவிசார் குறியீடு இதைத் தடுக்க எடுத்த முயற்சிகளில் ஒன்று.

குங்குமப்பூவுக்கு அடுத்த விலையுயர்ந்த வாசனைப் பொருளான வெனிலா, கர்நாடக உழவர்களின் நினைவில் கசப்போடு பதிந்திருக்கிறது. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட இந்த ஆர்க்கிடு கொடியின் பூ ஒரு நாள் காலை மட்டுமே விரிந்து அன்றே வாடிவிடும். மகரந்தப் பைக்கும் சூல்முடிக்கும் நடுவே ஒரு மெல்லிய மடல் மறிப்பதால் தாயகத்துக்கு வெளியே அது தானாகக் காய்ப்பது அரிது. 1841இல் இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், ஒரு மெல்லிய குச்சியால் அந்த மடலை உயர்த்தி மகரந்தத்தை விரலால் அழுத்திச் சேர்க்கும் முறையைக் கண்டுபிடித்தான். இன்றுவரை உலகின் வெனிலாத் தோட்டங்கள் ஒவ்வொரு பூவையும் அப்படியே தொட்டுத்தான் காய்க்க வைக்கின்றன. எட்டு ஒன்பது மாதங்கள் கழித்துப் பறிக்கும் பச்சைக் காய்க்கு மணம் கிடையாது. மணம் தரும் வெனிலின் மூலக்கூறு அதில் குளுக்கோஸோடு பிணைந்து கிடப்பதால், காயை வெந்நீரில் அமிழ்த்தி, கம்பளியில் மூடிப் புழுங்கவைத்து, வெயிலிலும் நிழலிலும் மாறி மாறி உலர்த்த வேண்டும்; அதற்குள் காயின் நொதிகள், அதாவது வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதங்கள், அந்தப் பிணைப்பை அறுத்து மணத்தை விடுவிக்கின்றன. ஐந்தாறு கிலோ பச்சைக் காய் பதப்பட்டு ஒரு கிலோவாகச் சுருங்குவதற்குப் பல மாதங்கள் ஆகும்.

2000ஆம் ஆண்டு ஏப்ரலில் ஹூடா புயல் உலகின் முதன்மை வெனிலா நாடான மடகாஸ்கரைத் தாக்கியதைத் தொடர்ந்து பன்னாட்டு விலை ஏறிக்கொண்டே போயிற்று. உத்தர கன்னடம், சிவமொக்கா, தட்சிண கன்னடம், குடகு ஆகிய மாவட்டங்களின் பாக்குத் தோப்புகளிலும் காபித் தோட்டங்களிலும் வெனிலாக் கொடிகள் ஏறின. 2003இல் பச்சைக் காயே கிலோ 3,000 ரூபாயைத் தாண்டியது. திருட்டுக்கு அஞ்சித் தோட்டங்களில் இரவுக் காவல் போட்டார்கள். வெனிலாக் கொடி நட்டு மூன்றாம் ஆண்டில்தான் பூக்கும். உயர்ந்த விலையைக் கண்டு பல நாடுகளின் உழவர்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் நட்ட கொடிகள் ஒரே காலத்தில் காய்த்தன. அதற்குள் உணவு நிறுவனங்களும் இயற்கை வெனிலாவை விட்டுச் செயற்கை வெனிலினுக்கு நகர்ந்திருந்தன. ஒன்றிரண்டு ஆண்டுகளில் விலை சில நூறு ரூபாய்க்கும் பின்னர் அதற்கும் கீழாகவும் விழுந்து, கொடிகளைப் பிடுங்கி எறிந்தவர்கள் பலர். கொடியும் உழைப்பும் காயின் மணமும் அந்த ஆண்டுகளில் இம்மியும் மாறவில்லை என்பதை நினைத்தால், விலை என்ற எண் எவ்வளவு தூரம் பொருளை விட்டு விலகி நிற்கக்கூடும் என்பது விளங்கும்.

செயற்கை வெனிலின் ஒன்றும் போலிச் சரக்கன்று. ஜெர்மானிய வேதியியலாளர்களான டீமனும் ஹார்மனும் 1874இல் ஊசியிலை மரங்களில் கிடைக்கும் ஒரு சேர்மத்திலிருந்து அதை உருவாக்கினர். காயிலிருந்து வந்த வெனிலினுக்கும் ஆலையிலிருந்து வந்த வெனிலினுக்கும் மூலக்கூறு அளவில் வேறுபாடு கிடையாது. காய்க்கு உரிய தனிச்சிறப்பு, வெனிலினோடு சேர்ந்து வரும் நூற்றுக்கணக்கான பிற சேர்மங்களில் இருக்கிறது. அடுமனைச் சூட்டில் அவற்றுள் பல ஆவியாகிப் போவதால், கேக்கிலும் பிஸ்கட்டிலும் விலையுயர்ந்த காயைப் பயன்படுத்துவது பணத்தை அடுப்பில் எரிப்பதற்குச் சமம். பாலும் முட்டையும் மட்டும் சேர்ந்த கஸ்டர்டிலும் நல்ல ஐஸ்கிரீமிலும் அந்தச் செலவுக்கு நியாயம் உண்டு.

காபியின் கதை இவ்வளவு எளிதாக முடிவதில்லை. இந்தியாவின் காபியில் ஏறத்தாழ 70 விழுக்காடு கர்நாடகத்தில் விளைகிறது. நாட்டு விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குடகு மாவட்டம் மட்டுமே தருகிறது. காபி வாரியத்தின் தலைமையகம் பெங்களூருவில் இருக்கிறது. இந்தச் சூழலில்தான், இந்தோனேசியாவில் கோப்பி லுவாக் என்று புகழ்பெற்ற மரநாய்க் காபியைக் குடகில் தயாரித்து விற்கும் முயற்சி 2017இல் செய்திகளில் இடம்பெற்றது. காட்டுக்குள்ளும் தோட்டத்தின் நிழல் மரங்களிலும் இரவில் திரியும் ஆசிய மரநாய், பழுத்த காபிப் பழத்தின் சதையைச் செரித்துக் கொட்டையை எச்சத்தோடு வெளியேற்றுகிறது. அந்தக் கொட்டைகளைப் பொறுக்கி, கழுவி, உலர்த்தி, வறுத்து விற்கிறார்கள். அப்போது குடகில் கிலோ 8,000 ரூபாய் என்றும், வெளிநாட்டுச் சந்தையில் 20,000 முதல் 25,000 ரூபாய் வரை என்றும் விலை சொல்லப்பட்டது. ஒரு கோப்பைக்கு 15 கிராம் தூள் என்று கொண்டால் 8,000 ரூபாய்க் கணக்கில் கோப்பைக்கு 120 ரூபாய் ஆகிறது. பெங்களூருவின் தர்ஷினி எனப்படும் எளிய உணவகத்தில் ஒரு பில்டர் காபியை இருவர் பை டூ சொல்லிப் பகிரும் செலவைவிட இது பல மடங்கு அதிகம். ஆனால் நட்சத்திர விடுதியில் ஒரு சாதாரணக் காபிக்குக் கொடுப்பதைவிடக் குறைவு.

குடல்வழிப் பயணம் கொட்டையை உண்மையிலேயே மாற்றுகிறதா என்பதைக் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாசிமோ மார்க்கோனே 2004இல் வெளியிட்ட ஆய்வில் பரிசோதித்தார். எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ் மரநாய்க் காபிக் கொட்டையின் மேற்பரப்பில் நுண்ணிய குழிகள் தெரிந்தன. விலங்கின் செரிமானச் சாறுகள் கொட்டைக்குள் ஊடுருவிச் சில புரதங்களை உடைத்திருந்தன. வறுக்கும் சூட்டில் புரதத் துணுக்குகளும் சர்க்கரைகளும் வினைபுரிந்தே காபியின் நிறமும் மணமும் உருவாகின்றன என்பதால், புரதத்தில் நிகழும் மாற்றம் சுவையிலும் கொஞ்சம் தெரிய வாய்ப்பு உண்டு. குடகுக் கொட்டைகளைப் பற்றி நேரடியாகப் பேசும் ஆய்வு 2025 அக்டோபரில் சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வந்தது. கேரள மத்தியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குடகுப் பகுதியின் ஐந்து ரொபஸ்டா வகைக் காபித் தோட்டங்களில் ஏறத்தாழ 70 எச்ச மாதிரிகளைத் திரட்டி, அதே தோட்டங்களில் கையால் பறித்த பழங்களின் கொட்டைகளோடு ஒப்பிட்டனர். மரநாய் வழி வந்த கொட்டைகள் அளவில் பெரியவையாகவும் கொழுப்பு மிகுந்தவையாகவும் இருந்தன; பால்பொருளின் சாயல் கொண்ட மணத்துக்காக உணவுத்துறையில் பயன்படும் காப்ரிலிக், காப்ரிக் அமிலங்களின் மெத்தில் எஸ்டர்கள் அவற்றில் கூடுதலாக இருந்தன.

இந்த முடிவுகளைப் படிக்கும்போது இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும். குடகு ஆய்வில் சோதிக்கப்பட்டவை வறுக்காத பச்சைக் கொட்டைகள். 200 பாகை செல்சியஸைத் தாண்டும் வறுவலில் காபியின் வேதியியல் முழுவதும் புரண்டுவிடும் என்பதால், பச்சைக் கொட்டையில் கண்ட வேறுபாடு கோப்பை வரை எவ்வளவு எஞ்சுகிறது என்பது தனியே அளக்க வேண்டிய ஒன்று. மேலும், பெங்களூருவாசிகளும் தமிழ்நாட்டவரும் விரும்பும் காபி சிக்கரி கலந்து, பாலும் சர்க்கரையும் சேர்த்துக் குடிக்கப்படுவது. பாதிக் கோப்பைப் பாலை ஊற்றிய பிறகு, நுண்ணிய அளவில் சேர்ந்த பால்மணச் சேர்மம் ஒன்றை நாவு தேடிக் கண்டுபிடிக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. பால் சேர்க்காமல் குடிப்பவருக்கு மட்டுமே இந்த ஆராய்ச்சியில் ஏதேனும் பொருள் இருக்கக்கூடும்.

கொட்டைகள் பெரியவையாக இருந்தன என்ற முடிவு இன்னொரு வழியிலும் சிந்திக்க வைக்கிறது. செரிமானத்தால் கொட்டை பருத்துவிடும் என்பதைவிட, விலங்கு தேர்ந்தெடுத்துத் தின்கிறது என்பது எளிய விளக்கம். மரநாய் முதிர்ந்து சிவந்து இனிக்கும் பழத்தை முகர்ந்து பார்த்தே உண்கிறது. அரைப்பழத்தையும் காயையும் விட்டுவிடுகிறது. தோட்டங்களில் ஆள் பற்றாக்குறையால் கிளையை உருவிக் காய், அரைப்பழம், பழம் அனைத்தையும் ஒன்றாகக் கொட்டிக் களத்தில் காயவைக்கும்போது, முதிராத கொட்டைகளின் துவர்ப்பும் கசப்பும் முழுச் சரக்கிலும் ஏறிவிடுகின்றன. ஆகவே மரநாய்க் காபியின் மென்மைக்கு ஒரு பெருங்காரணம் குடலின் நொதியைவிட விலங்கின் மூக்காக இருக்கலாம். அந்த வேலையை மனிதர்களும் செய்ய முடியும். ஒரே செடியிடம் மூன்று நான்கு முறை திரும்பி வந்து, ஒவ்வொரு முறையும் சிவந்த பழத்தை மட்டும் பறித்து, தண்ணீரில் மிதப்பவற்றை நீக்கி, எஞ்சியவற்றைக் கட்டுப்பாட்டோடு நொதிக்கவைத்து மெதுவாக உலர்த்தும் தோட்டங்கள் இன்று குடகிலும் சிக்கமகளூரிலும் இருக்கின்றன. அவற்றின் கொட்டை பெங்களூருவின் சிறு வறுவல் நிலையங்களில் மரநாய்க் காபியின் விலையில் ஒரு சிறு பங்குக்கே கிடைக்கிறது, கூடுதலாகக் கொடுக்கும் பணம் மறுமுறை பறிக்கப் போகும் தொழிலாளியின் கூலியாகவே பெரிதும் செலவாகிறது. பருவமழைக் காலத்தில் மேற்குக் கடற்கரைக் கிடங்குகளில் ஈரக்காற்றை உறிஞ்சி வெளுத்து உப்பும் மான்சூன்ட் மலபார் காபியும் இவ்வகையே: அரபிக்கடலைத் தாண்டி ஐரோப்பா சென்ற பாய்மரக் கப்பல்களில் தற்செயலாக உண்டான சுவையை, 2008இல் புவிசார் குறியீடு பெற்ற ஒரு செய்முறையாக மனிதர்கள் மாற்றியிருக்கிறார்கள்.

கொட்டையின் தரம் உண்மையிலேயே உயர்வாக இருந்தும் விலை அதைக் கடந்து பறக்கும் நிலையும் உண்டு. எத்தியோப்பியாவில் தோன்றிப் பனாமாவில் வளர்க்கப்படும் கெய்ஷா என்ற அரபிகா வகை, மல்லிகையையும் எலுமிச்சைத் தோலையும் நினைவூட்டும் மணத்துக்காகக் காபிச் சுவைஞர்களால் கொண்டாடப்படுகிறது. 2004இல் அங்குள்ள எஸ்மரால்டா தோட்டத்தின் கெய்ஷா பவுண்டு 21 டாலருக்கு ஏலம் போனபோது அதுவே வியப்பாகப் பேசப்பட்டது. 2025 ஏலத்தில் அதே தோட்டத்தின் 20 கிலோ கெய்ஷா கிலோ 30,204 டாலர் என்ற விலைக்குத் துபாயைச் சேர்ந்த நிறுவனம் ஒன்றால் வாங்கப்பட்டது. வறுக்கும்போது குறையும் எடையையும் கணக்கில் கொண்டால், ஒரு கோப்பைக்கான கொட்டையின் விலை மட்டுமே 40,000 ரூபாயைத் தாண்டும். இருபது ஆண்டுகளில் அந்தக் காபியின் மணம் பல நூறு மடங்கு கூடியிருக்க வழியில்லை. கூடியது அதை வாங்கியவர் என்ற பெயருக்கு உள்ள மதிப்பு. பகட்டுக்காகச் செய்யப்படும் செலவைப் பற்றி 1899இலேயே நூல் எழுதிய அமெரிக்கப் பொருளியலாளர் தோர்ஸ்டீன் வெப்லன் சுட்டிக்காட்டியபடி, சில பொருள்களில் விலை உயர்வே அவற்றை விரும்பத்தக்கவையாக ஆக்கிவிடுகிறது.

விலை வெறும் பகட்டாக வெளியே நிற்பதில்லை, சுவைக்கும் மூளைக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது என்பதுதான் இந்த ஆய்வுத்துறையின் மிகச் சுவையான கண்டுபிடிப்பு. 2008இல் ஹில்கே பிளாஸ்மனும் சக ஆய்வாளர்களும் அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாதமியின் இதழில் வெளியிட்ட சோதனையில், 20 பேர் மூளைப் படக்கருவிக்குள் படுத்தபடி குழாய் வழியே திராட்சை மதுவைச் சுவைத்தனர். ஐந்து வகை மது என்று அவர்களிடம் சொல்லப்பட்டாலும் இருந்தவை மூன்றே. 90 டாலர் மதுவே 10 டாலர் என்ற பெயரிலும், 5 டாலர் மதுவே 45 டாலர் என்ற பெயரிலும் மீண்டும் வந்தன. அதிக விலை சொல்லப்பட்டபோது அதே மது அதிகம் பிடித்ததாக அவர்கள் கூறினர். அவ்வாறு கூறியபோது, இன்ப உணர்வோடு தொடர்புடையதாகக் கருதப்படும், கண்குழிகளுக்கு மேலே அமைந்த முன்மூளைப் பகுதியின் செயல்பாடும் கூடியிருந்தது. பொய்யான விலை மெய்யான இன்பத்தை உண்டாக்கியது. அதே ஆண்டில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மறைவுச் சுவைப்புகளை, அதாவது பெயரும் விலையும் தெரியாமல் சுவைத்த பதிவுகளை, ராபின் கோல்ட்ஸ்டீனும் பிறரும் தொகுத்துப் பார்த்தபோது, பயிற்சி பெறாத மனிதர்கள் விலையுயர்ந்த மதுவைச் சற்றுக் குறைவாகவே விரும்பினர் என்று தெரிந்தது.

இந்த இரு ஆய்வுகளையும் சேர்த்து வைத்தால், விலையுயர்ந்த உணவை உண்டு மகிழ்ந்தவரின் சொல்லை அவ்வுணவின் தரத்துக்குச் சான்றாகக் கொள்ள இயலாது என்பதும், அவர் பொய் சொல்லவில்லை என்பதும் ஒருங்கே விளங்கும். மகிழ்ச்சி உண்மை, அதன் ஊற்று நாவில் இல்லை. தன் பணத்தில் தன் மகிழ்ச்சியை ஒருவர் வாங்கிக்கொள்வதை அறிவியல் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த மகிழ்ச்சிக்கான செலவை வேறோர் உயிர் சுமக்கும்போது கேள்வி மாறிவிடுகிறது, மரநாய்க் காபியில் அது மாறித்தான் இருக்கிறது.

கோப்பி லுவாக்கை 1991இல் பிரிட்டனுக்கு அறிமுகப்படுத்திய காபி வணிகர் டோனி வைல்டே, பிற்காலத்தில் அதைக் கைவிடச் சொல்லிப் பிரசாரம் செய்தார். உலகத் தேவை பெருகியதும், காட்டில் எச்சம் தேடி அலைவதற்குப் பதிலாக விலங்கையே பிடித்துக் கூண்டில் அடைத்துக் காபிப் பழத்தைத் தின்ன வைக்கும் தொழில் இந்தோனேசியாவில் வளர்ந்ததே அதற்குக் காரணம். பாலித் தீவில் சுற்றுலாப் பயணிகளை ஈர்க்கும் 16 தோட்டங்களில் ஏறத்தாழ 50 மரநாய்களின் நிலையைப் பார்வையிட்ட ஆய்வு 2016இல் வெளியானது. சிறுநீரும் எச்சமும் ஊறிய கம்பித் தரைகளும், ஓடவோ ஏறவோ இடமில்லாத கூண்டுகளும், காபிப் பழத்தைத் தவிர வேறு உணவு போதாமல் மெலிந்த உடல்களும் அதில் பதிவாகின. இரவில் தனித்துத் திரிந்து பலவகைப் பழங்களையும் பூச்சிகளையும் சிறு உயிர்களையும் உண்ணும் விலங்குக்கு இது வதை என்பதில் ஐயமில்லை. சுவைக் கோணத்திலும் இது தற்கொலைச் செயல்: கூண்டில் கொட்டிய பழத்தைத் தின்றாக வேண்டிய விலங்குக்குப் பழுத்ததைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை, அதனால் மரநாய்க் காபியின் ஒரே நம்பத்தக்க சிறப்பும் அங்கே தொலைந்துபோகிறது.

குடகில் விற்பவர்கள் தங்கள் கொட்டை கூண்டு விலங்கிலிருந்து வந்ததன்று, காட்டோரத் தோட்டங்களில் பொறுக்கியது என்று கூறுகிறார்கள். இந்தியாவில் மரநாய் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால் அதைப் பிடித்து அடைப்பது குற்றமும் ஆகும். காட்டில் திரியும் மரநாய்க்குக் காபி வணிகத்தைவிடப் பெரிய வேலை உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய பழுப்பு மரநாய் உட்பட இவ்வினங்கள், பறவைகளால் விழுங்க இயலாத பெரிய விதைகளைத் தொலைவுக்குக் கொண்டுசென்று இட்டு மழைக்காட்டின் மரங்களைப் பரப்புகின்றன. ஆகவே தோட்டத்தில் மரநாய் உலவுவதற்கு இடம் கொடுக்கும் நிழல் மரங்களைக் காக்கும் விலையாக ஒருவர் அதன் எச்சக் காபிக்கு அதிகம் கொடுக்க விரும்பினால், அதுவே அந்த விலைக்குக் கிடைக்கும் மிக வலுவான நியாயம்.

அந்த நியாயத்தைச் சரிபார்க்கத்தான் வழி குறுகலாக இருக்கிறது. ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தோனேசிய விஞ்ஞானிகளோடு சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், சிட்ரிக் அமிலம், மாலிக் அமிலம் ஆகியவற்றின் அளவையும், ஐனோசிட்டாலுக்கும் பைரோகுளூட்டாமிக் அமிலத்துக்கும் உள்ள விகிதத்தையும் கொண்டு அசல் கோப்பி லுவாக்கைச் சாதாரணக் காபியிலிருந்தும் கலப்படத்திலிருந்தும் பிரித்தறியலாம் என்று காட்டினர். கொட்டை ஒரு மரநாயின் குடலைக் கடந்து வந்ததா என்பதை அந்தச் சேர்மங்கள் சொல்லும். அந்த மரநாய் அன்றிரவு மரத்தில் இருந்ததா கூண்டில் இருந்ததா என்பதைச் சொல்லா. அதற்குத் தோட்டத்துக்கே போய்ப் பார்த்து எழுதிவைக்கும் ஒருவரின் பதிவேடு வேண்டும், பெரும் விலை கொடுத்து வாங்கும் பொட்டலத்தில் விற்பவரின் வாய்ச்சொல்லைத் தவிர அப்படியொன்று இணைந்து வருவதில்லை.